விடுமுறைப் பயணம்: பின் இருக்கையில் இருப்பவருக்கு யார் பொறுப்பு?

கோலாலம்பூர்: கடந்த அக்டோபர் 17, வெள்ளிக்கிழமை இரவு பதினொன்றரை மணி. பிரிக்பீல்ட்ஸில் எங்கள் அடுக்குமாடி வீட்டின் கீழ் ஒரு மைவி கார் நின்றிருந்தது. பைகளை ஏற்றி முடித்தாகிவிட்டது, நான்கு பேரும் தயார். ஆனாலும் கிளம்பவில்லை. மணி 12.01 ஆகட்டும் என்று காத்திருந்தோம்.

காரணம் எளிது. தீபாவளியை முன்னிட்டு அக்டோபர் 18, 19 ஆகிய இரு நாட்களுக்கு நெடுஞ்சாலைச் சுங்கத்தில் 50 விழுக்காடு கழிவு என அரசு அறிவித்திருந்தது. அது நள்ளிரவு கடந்தவுடன் தொடங்கும். பினாங்கில் எங்கள் மலேசிய நண்பர் ஒருவரின் வீட்டில் தீபாவளித் திறந்த இல்ல உபசரிப்பு. "மச்சான், சுங்கத்துல பாதி மிச்சம், ரோடும் காலியா இருக்கும்" என்றார், காரை ஓட்டவிருந்த நண்பர். அன்று காலை எட்டு மணிக்கு வேலைக்குப் போய், மாலை ஏழு மணிக்கு வீடு திரும்பியவர் அவர்.

இந்தக் கட்டுரை அந்தப் பயணத்தின் சுற்றுலாக் குறிப்பு அல்ல. வேலைக்காக வெளிநாட்டில் வாழும் தமிழர்கள், விடுமுறை கிடைத்ததும் நண்பர்களோடு சேர்ந்து ஒரு காரைப் பிடித்துக்கொண்டு கிளம்புவது வாடிக்கை. அப்படிக் கிளம்பும்போது நம்மைச் சுற்றி என்னென்ன பாதுகாப்பு இருக்கிறது, எதெல்லாம் இருப்பதாக நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம் என்பதைப் பற்றியது. ஆண்டிறுதி விடுமுறையும், அடுத்து சீனப் புத்தாண்டும் நோன்புப் பெருநாளும் வரவிருக்கும் வேளையில் இதை எழுதுவது பொருத்தமாக இருக்கும்.

நான்கு விநாடி

நாங்கள் நினைத்தபடி சாலை காலியாக இல்லை. கழிவுக்காகக் காத்திருந்தது நாங்கள் மட்டுமா? ஜாலான் டூத்தா சுங்கச் சாவடியிலேயே வரிசை. ரவாங் தாண்டி தஞ்சோங் மாலிம் வரை ஊர்ந்துதான் போனோம். தாப்பாவைக் கடந்தபோது மணி மூன்றரை ஆகிவிட்டது. அதன் பிறகு நெரிசல் விட்டது. சாலை இருண்டு, நேராகக் கிடந்தது. வண்டியில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. பின் இருக்கையில் இருந்த இருவரும், நான் உட்பட, அரைத் தூக்கத்தில் இருந்தோம். இருக்கை வாரை நான் போடவில்லை. சாய்ந்து படுக்க வசதியில்லை என்று கழற்றி வைத்திருந்தேன்.

திடீரென்று வண்டிக்கு அடியில் கரகரவென்று ஓர் ஓசை. சாலை ஓரத்தில் ஓட்டுநரை எழுப்புவதற்காகவே போடப்பட்டிருக்கும் அதிர்வுக் கோடுகளின் மேல் சக்கரம் ஏறியிருந்தது. முன்னால் அமர்ந்திருந்த, கிள்ளானில் உணவகம் ஒன்றில் வேலை செய்யும் அண்ணன், "தம்பி! தம்பி!" என்று கத்தினார். ஓட்டியவர் விழித்துத் திருப்பினார். இரும்புத் தடுப்புக்கும் எங்களுக்கும் ஒரு கை அகலம் இருந்திருக்கலாம்.

அடுத்து வந்த ஓய்விடத்தில் நிறுத்தினோம். யாரும் பேசவில்லை. விடியும்வரை வண்டியிலேயே தூங்கி, ஏழு மணிக்கு மேல் மீண்டும் கிளம்பினோம்.

பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தேன். இந்த நெடுஞ்சாலையில் அனுமதிக்கப்பட்ட உச்ச வேகம் மணிக்கு 110 கிலோமீட்டர். அதாவது ஒரு விநாடிக்கு முப்பது மீட்டருக்கும் மேல். கண் நான்கே விநாடி மூடினால் வண்டி 122 மீட்டர் போயிருக்கும். ஒரு கால்பந்துத் திடலின் நீளத்தைவிட அதிகம். இதை ஆங்கிலத்தில் மைக்ரோஸ்லீப் என்கிறார்கள். மலேசியச் செய்திகளில் விபத்துக் காரணமாக அடிக்கடி வரும் சொல் அது. தூங்கியவருக்கே தான் தூங்கியது தெரியாது என்பதுதான் அதில் உள்ள ஆபத்து. மனித உடல் தூக்கத்துக்கு மிகவும் இறங்கிப் போகும் நேரம் அதிகாலை இரண்டு முதல் ஐந்து மணி வரை. நெரிசலில் ஊர்ந்தவரை எங்கள் நண்பர் விழிப்பாகத்தான் இருந்தார். சாலை விட்டுப்போன பிறகே கண் சொக்கியது.

கெரிக் சொன்ன பாடம்

2025இல் மலேசியாவை உலுக்கிய சாலை விபத்தும் விடுமுறைப் பயணத்தின்போதுதான் நடந்தது. 2025 ஜூன் 9 அதிகாலை, சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழக (உப்சி) மாணவர்களை ஏற்றிக்கொண்டு திரங்கானுவின் ஜெர்தேயிலிருந்து தஞ்சோங் மாலிம் நோக்கி வந்த பேருந்து, பேராக் மாநிலம் கெரிக் அருகே கிழக்கு மேற்கு நெடுஞ்சாலையில் விபத்துக்குள்ளானது. 15 மாணவர்கள் உயிரிழந்தனர். ஹஜ்ஜுப் பெருநாள் விடுமுறை முடிந்து பல்கலைக்கழகத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்த பிள்ளைகள் அவர்கள். 2013 ஆகஸ்ட் 21 அன்று கெந்திங் மலைச் சாலையில் பேருந்து பள்ளத்தில் விழுந்து 37 பேர் இறந்த துயரத்துக்குப் பின் நாட்டை மிகவும் பாதித்த விபத்து இதுவே எனலாம்.

கெரிக் விபத்துக்குப் பின் அரசு அசைந்தது. போக்குவரத்து அமைச்சு சிறப்புப் பணிக்குழு அமைத்து விசாரித்தது. அந்தப் பேருந்தின் உரிமம் பெற்ற நிறுவனம் அதை வேறொரு தரப்புக்குக் குத்தகைக்கு விட்டிருந்தது வெளிச்சத்துக்கு வந்தது. ஜூலை 1 முதல் விரைவுப் பேருந்துகளிலும் சுற்றுலாப் பேருந்துகளிலும் பயணிகள் இருக்கை வார் அணிவது கட்டாயமாக்கப்பட்டது. மீறினால் 300 ரிங்கிட் அபராதம். அக்டோபர் 1 முதல் கனரக வாகனங்களுக்கு வேகக் கட்டுப்பாட்டுக் கருவி கட்டம் கட்டமாக நடைமுறைக்கு வந்தது. இவை வரவேற்கத்தக்க நடவடிக்கைகள்.

ஆனால் பேருந்து என்பது கண்ணுக்குத் தெரியும் அமைப்பு. அதற்கு உரிமம் உண்டு, ஓட்டுநருக்குத் தனித் தகுதி உண்டு, தவறு நடந்தால் கைகாட்ட ஒரு நிறுவனம் உண்டு. நான்கு நண்பர்கள் ஏறிக்கொண்டு நள்ளிரவில் கிளம்பும் காருக்கு இவற்றில் எது இருக்கிறது? ஓட்டுபவர் கடைசியாக எப்போது தூங்கினார் என்று கேட்க யாருமில்லை. உடன் வருபவர்கள்தான் கேட்க வேண்டும். நாங்கள் கேட்கவில்லை.

மலேசியச் சாலைகளில் 2016இல் 7,152 பேர் இறந்தனர். 2023இல் அந்த எண்ணிக்கை 6,443. குறைந்திருக்கிறது என்றாலும், நாளொன்றுக்குச் சராசரி 17 பேருக்கு மேல் என்பதுதான் அதன் பொருள். இறப்பவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் மோட்டார் சைக்கிளில் செல்பவர்கள். தமிழ்நாட்டு வாசகர்கள் ஒப்பிட்டுப் பார்க்க ஓர் எண்: 2022இல் தமிழ்நாட்டில் சாலை விபத்துகளில் 17,884 பேர் இறந்தனர். மக்கள்தொகையோடு வைத்துப் பார்த்தால் தமிழ்நாட்டில் லட்சத்துக்கு ஏறத்தாழ 23 பேர், மலேசியாவில் 19 பேர். சாலை எவ்வளவு அகலமாகவும் வழவழப்பாகவும் இருந்தாலும் இடைவெளி அவ்வளவுதான். ஊர்ச் சாலையில் குழியும் மாடும் நம்மை விழிப்போடு வைத்திருக்கின்றன. இங்கே அந்த வேலையை நாமேதான் செய்ய வேண்டும்.

கழிவு ஏன் நள்ளிரவில் தொடங்க வேண்டும்?

இங்கே அரசிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது.

மலேசியாவில் பெருநாள் காலச் சுங்கச் சலுகை பழைய வழக்கம். முன்பு சில பெருநாட்களுக்கு முழு இலவசமாகவே தரப்பட்டது. 2025 ஜனவரி சீனப் புத்தாண்டு முதல் அது 50 விழுக்காடு கழிவாக மாறியது. குடும்பங்களின் சுமையைக் குறைப்பதும், மக்கள் முன்கூட்டியே பயணத்தைத் திட்டமிட ஊக்குவிப்பதும் இதன் நோக்கங்கள். நல்ல நோக்கங்கள்தாம்.

ஆனால் சலுகை 12.01க்குத் தொடங்கும்போது, அதுவே மக்களை நள்ளிரவில் சாலைக்கு அழைக்கிறது. வெள்ளிக்கிழமை முழுவதும் வேலை செய்து களைத்தவர், இரவு ஒன்பது மணிக்குக் கிளம்பியிருந்தால் ஒன்றரை மணிக்கு ஊர் போய்ச் சேர்ந்திருப்பார். கழிவுக்காகக் காத்திருந்து கிளம்பினால், உடல் மிகவும் தளரும் நேரத்தில் அவர் தாப்பாவிலோ ஈப்போவிலோ இருப்பார். எங்களுக்கு நடந்தது அதுதான்.

இதற்காக நாங்கள் மிச்சப்படுத்தியது எவ்வளவு? வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் கோலாலம்பூரிலிருந்து பினாங்கு நுழைவாயிலான ஜூரு வரை காருக்கான சுங்கம் முப்பது ரிங்கிட்டுக்குச் சற்று மேல். பாதி என்றால் பதினைந்து முதல் இருபது ரிங்கிட்டுக்குள். நான்கு பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு ஒரு ரொட்டி சானாய், ஒரு தே தாரிக். அவ்வளவுதான்.

சலுகை வேண்டாம் என்று சொல்லவில்லை. மாதச் சம்பளத்தில் குடும்பம் நடத்துபவருக்குப் பத்து ரிங்கிட்டும் பணம்தான். சலுகையை அதற்கு முந்தைய நாள் மதியமே தொடங்கினால் என்ன? அல்லது காலை ஆறு மணிக்குத் தொடங்கி, கூடுதலாக ஒரு நாள் நீட்டித்தால் என்ன? பெருநாள் காலத்தில் கூட்டரசு, மாநிலச் சாலைகளில் வேக வரம்பை 90இலிருந்து 80 ஆகக் குறைக்கும் அரசு, மக்கள் எந்த நேரத்தில் சாலையில் இருப்பார்கள் என்பதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளலாம். செலவில்லாத மாற்றம் இது. கடிகாரத்தைக் கொஞ்சம் நகர்த்தினால் போதும்.

'எல்எல்பி எடுத்திருக்கா?'

பினாங்கில் நண்பரின் வீட்டை அடைந்ததும் வாசலில் வரவேற்றார் அவருடைய அப்பா. "பசியாறியாச்சா?" என்று கேட்டார். காலை உணவு சாப்பிட்டீர்களா என்பதற்கு மலேசியத் தமிழர்களின் சொல் அது. தமிழ்நாட்டிலிருந்து வந்த புதிதில் இந்தச் சொல் எனக்கு அவ்வளவு பிடித்துப் போயிற்று. அவர் முப்பது ஆண்டுகள் லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர். நடந்ததைச் சொன்னோம். திட்டுவார் என்று நினைத்தோம். அவர் கேட்டது வேறு.

"கார் யாருது தம்பி?"

"தெரிஞ்சவர் ஒருத்தர்கிட்ட வாடகைக்கு எடுத்தோம் அங்கிள்."

"கம்பெனி காரா, சொந்தக் காரா?"

"சொந்தக் கார்தான்."

"அப்ப இன்சூரன்ஸ் கவர் நோட்ட வாங்கிப் பாருங்க. எல்எல்பி எடுத்திருக்கான்னு பாருங்க. எடுத்திருந்தாலும் வாடகைக்கு ஓட்டறதுக்கு அது செல்லாது."

அவர் சொன்னதை ஊர் திரும்பியதும் சரிபார்த்தேன். அவர் சொன்னது சரி. தமிழ் இலக்கியம் படித்தவன் என்பதால் எனக்கு ஒரு சொல் இங்கே நெருடியது. தமிழ்நாட்டில் காப்பீடு என்கிறோம், மலேசியாவில் காப்புறுதி என்கிறார்கள். காப்புக்கான உறுதி. சொல்லில் இருக்கும் உறுதி ஆவணத்தில் இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

மலேசியாவின் 1987ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டப்படி, ஒவ்வொரு வாகனத்துக்கும் மூன்றாம் தரப்புக் காப்புறுதி கட்டாயம். சாலையில் நடந்து போகிறவர், எதிரே வரும் வண்டியில் இருப்பவர் ஆகியோருக்கு நம்மால் காயமோ மரணமோ ஏற்பட்டால் அதற்கான பொறுப்பை அது ஏற்கும். ஆனால் நம் காருக்குள்ளேயே அமர்ந்திருக்கும் நண்பர்? வாடகைக்கு ஏற்றப்படும் பயணி, வேலையின் பொருட்டு ஏற்றப்படும் தொழிலாளி போன்றோரைத் தவிர, தனியார் காரில் சும்மா உடன் வருபவருக்கான பொறுப்பைக் காப்பது கட்டாயமில்லை என்று சட்டம் விட்டுவிடுகிறது. முழுமைக் காப்புறுதி, அதாவது 'கம்ப்ரிஹென்சிவ்' எடுத்திருந்தாலும் பெரும்பாலும் இதே நிலைதான். அதற்கென்று தனியாக, 'பயணிகளுக்கான சட்டப் பொறுப்பு' என்ற கூடுதல் காப்பைக் கேட்டு வாங்க வேண்டும். எல்எல்பி என்று அந்தப் பெரியவர் சொன்னது இதைத்தான். காப்புறுதியின் மொத்தக் கட்டணத்தோடு ஒப்பிட்டால் இதற்கான தொகை சிறியது. ஆனால் கேட்டால்தான் கிடைக்கும். புதுப்பிக்கும்போது எத்தனை பேர் கேட்கிறோம்?

இதில் ஒரு முரண்பாட்டையும் கவனிக்க வேண்டும். 2019 ஜூலை முதல் மின்னழைப்பு வாகனங்களுக்கு மலேசியா விதிமுறை கொண்டு வந்தது. ஓட்டுநருக்குத் தனி உரிமம், பயணியைக் காக்கும் காப்புறுதி எல்லாம் கட்டாயமாயின. ஆகவே முகம் தெரியாத ஒருவரின் காரில் காசு கொடுத்து ஏறும்போது நமக்குக் காப்பு இருக்கிறது. உயிர் நண்பனின் காரில் இலவசமாக ஏறும்போது இல்லாமல் போகலாம்.

இந்த இடைவெளி மலேசியா புதிதாகக் கண்டுபிடித்தது அல்ல. பிரிட்டனின் 1930ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் வழியில் வந்தது. பிரிட்டன் அதை உணர்ந்து 1971இல் தனிச் சட்டம் இயற்றி, 1972 இறுதி முதல் பயணிகளுக்கான காப்பையும் கட்டாயமாக்கிவிட்டது. கொடுத்தவர் மாற்றிக்கொண்டு அரை நூற்றாண்டு ஆகிறது. வாங்கியவர்கள் இன்னும் வைத்துக்கொண்டிருக்கிறோம். மலேசிய நாடாளுமன்றத்தில் இந்தியச் சமூகத்தின் பிரதிநிதிகள் எழுப்பக்கூடிய, இனம் கட்சி கடந்து எல்லோருக்கும் பயன்படும் ஒரு கோரிக்கை இது.

தெரிந்தவரிடம் எடுத்த கார்

வெளிநாட்டில் வாழும் நம்மவர்களிடையே 'தெரிந்தவரிடம்' கார் எடுப்பது சாதாரணம். பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளான் தெங்கு கிளானா சாலைப் பகுதியிலும் நான் பேசிப் பார்த்த நண்பர்கள் பலரும் இப்படித்தான் எடுக்கிறார்கள். வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி, கையில் ரொக்கம், மாலையில் சாவி. முறையான வாடகை நிறுவனத்தில் முன்பணமும் கடன் அட்டையும் கேட்பார்கள். தெரிந்தவர் கேட்பதில்லை.

ஆனால் சொந்தப் பயன்பாட்டுக்கான காப்புறுதி, வாடகைக்கு விடுவதை விலக்கியே எழுதப்படுகிறது. எல்லாம் நன்றாக நடக்கும் வரை இது தெரியாது. விபத்து நடந்தால் உரிமையாளர் முதலில் சொல்லும் வார்த்தை, "வாடகைக்கு எடுத்ததாகச் சொல்லாதீர்கள்" என்பதாகத்தான் இருக்கும். பொய்யில் தொடங்கும் ஒரு கோரிக்கை எங்கே போய் முடியும் என்று சொல்ல வேண்டியதில்லை. கெரிக் பேருந்தின் உரிமம் கைமாறியிருந்ததைக் கேட்டு நாம் கொதித்தோம். சிறிய அளவில் நாமும் அதையேதான் செய்கிறோம்.

அடுத்தது ஓட்டுநர் உரிமம். இந்தியாவும் மலேசியாவும் 1949ஆம் ஆண்டு ஜெனீவா சாலைப் போக்குவரத்து உடன்பாட்டில் இடம்பெற்ற நாடுகள். ஊரில் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் அனைத்துலக ஓட்டுநர் அனுமதி வாங்கி வரலாம். அது ஓராண்டுக்குச் செல்லும். மூன்று ஆண்டுகளுக்கு முன் வாங்கி வந்த அட்டையைப் பையில் வைத்துக்கொண்டு, "நம்மகிட்ட இன்டர்நேஷனல் இருக்கு" என்று சொல்பவர்கள் நம்மிடையே உண்டு. வேலைக்காக நீண்ட காலம் தங்குபவர்கள் தங்கள் நிலை என்ன என்பதைச் சாலைப் போக்குவரத்து இலாகாவில் (ஜேபிஜே) நேரில் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது. காப்புறுதிக் கோரிக்கையில் முதலில் பார்க்கப்படும் தாள்களில் உரிமமும் ஒன்று.

விடுமுறை நாளில் யார் துணை?

வேலை நாளில் நமக்கு ஏதோ ஒரு கூரை இருக்கிறது. 2019 ஜனவரி முதல் அயல்நாட்டுத் தொழிலாளர்களும் சொக்சோ எனப்படும் பெர்கேசோவின் வேலைக் காயத் திட்டத்தில் சேர்க்கப்பட்டனர். ஆனால் அது பெயருக்கேற்ப வேலைக்கும், வேலைக்குச் சென்றுவரும் வழிக்கும் உரியது. நண்பர்களோடு பினாங்கு போவது அதில் வராது. 2024 ஜூலை முதல் இயலாமைத் திட்டமும் அயல்நாட்டுத் தொழிலாளர்களுக்கு விரிவாக்கப்பட்டது. அது விபத்து நடந்த இடத்தைப் பார்ப்பதில்லை என்றாலும், சந்தா செலுத்திய காலம் போன்ற நிபந்தனைகள் அதற்கு உண்டு. அரசு மருத்துவமனைகளில் குடிமக்களுக்கான சலுகைக் கட்டணம் அயல்நாட்டவருக்குக் கிடையாது.

ஊரிலிருந்து கொண்டுவந்த ஒரு காப்பு பலரிடம் இருக்கிறது. இருப்பது அவர்களுக்கே தெரியாது. குடியேற்ற அனுமதி தேவைப்படும் (இசிஆர்) பிரிவில் இந்தியாவிலிருந்து மலேசியாவுக்கு வேலைக்கு வருபவர்களுக்கு 'பிரவாசி பாரதிய பீமா யோஜனா' காப்பீடு கட்டாயம். இரண்டு ஆண்டுகளுக்கு 275 ரூபாய், மூன்று ஆண்டுகளுக்கு 375 ரூபாய், வரி தனி. விபத்தில் மரணம் அல்லது நிரந்தர ஊனம் ஏற்பட்டால் 10 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். எங்களோடு வந்த கிள்ளான் அண்ணனிடம் இதைச் சொன்னபோது, "ஏஜென்ட் ஏதோ தாள்ல கையெழுத்து வாங்குனாருப்பா, அதுவா?" என்று கேட்டார். அதுதான். தேடிப் பார்த்ததில் அவருடைய காப்பீட்டின் காலம் முடிந்து எட்டு மாதங்கள் ஆகியிருந்தன. ஊரில் அவரை நம்பி இரண்டு பெண் பிள்ளைகள் இருக்கிறார்கள். தமிழ்நாடு அரசின் அயலகத் தமிழர் நல வாரியத்திலும் உறுப்பினராகச் சேர்ந்து விபத்துக் காப்பீட்டு வசதி பெறலாம். எங்கள் நால்வரில் இதுவரை ஒருவர்கூடச் சேர்ந்திருக்கவில்லை.

கிளம்பும் முன்

அறிவுரை சொல்லும் தகுதி எனக்கில்லை. இருக்கை வாரைக் கழற்றிவிட்டுத் தூங்கியவன் நான். தனியார் கார்களில் பின் இருக்கையிலும் வார் அணிவது மலேசியாவில் 2009 ஜனவரி 1 முதல் கட்டாயம் என்பது தெரிந்தும் கழற்றியவன். மோதலின்போது வார் போடாத பின்பயணி முன் இருக்கையின் மீது முழு எடையோடு பாய்வார். அதாவது என் உயிர் மட்டுமல்ல, முன்னால் இருந்த அண்ணனின் உயிரும் என் வாரில்தான் இருந்தது. ஆகவே நாங்கள் எங்களுக்கென்று வகுத்துக்கொண்டதை மட்டும் சொல்கிறேன்.

ஒன்று, வேலை முடிந்த அன்றிரவு கிளம்புவதில்லை. ஒரு தூக்கம் போட்டு விடியலில் கிளம்புவது. இரண்டு, ஓட்டத் தெரிந்த, செல்லுபடியாகும் உரிமம் உள்ள இருவர் இல்லையென்றால் தூரப் பயணம் இல்லை. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை நிறுத்தம். மூன்று, முன் இருக்கையில் அமர்பவருக்குத் தூங்க உரிமை இல்லை. நான்கு, வாடகைக்கு என்றால் உரிமம் பெற்ற நிறுவனத்தில் மட்டும். நண்பரின் கார் என்றால் எல்எல்பி இருக்கிறதா என்று கேட்பது. கேட்பதால் நட்பு குறையாது.

ஐந்தாவதாக, காரே வேண்டுமா என்று முதலில் யோசிப்பது. பிரிக்பீல்ட்ஸிலிருந்து நடந்து போகும் தூரத்தில் கேஎல் சென்ட்ரல் இருக்கிறது. அங்கிருந்து இடிஎஸ் மின்ரயில் நான்கு மணி நேரம் சொச்சத்தில் பட்டர்வொர்த் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. வடக்கே பாடாங் பெசார் வரை 2015 முதல் ஓடுகிறது. 2025 டிசம்பரில் தெற்கே ஜொகூர் பாரு வரைக்கும் சேவை நீண்டுவிட்டது. பெருநாள் நேரத்தில் இதன் டிக்கெட்டுகள் சீக்கிரம் தீர்ந்துவிடும் என்பது உண்மை. அதனால் முன்கூட்டியே திட்டமிட வேண்டும். கிள்ளானிலிருந்தும் கோலாலம்பூரிலிருந்தும் போகும் இந்த நாட்டின் ரயில் பாதைகளைப் போடுவதில் தமிழ்க் கைகளுக்குப் பெரும் பங்கு உண்டு. பிரிக்பீல்ட்ஸே ரயில்வே ஊழியர்களால் வளர்ந்த ஊர்தான்.

திரும்பும் பயணம்

செவ்வாய்க்கிழமை ஒரு நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு, காலை ஒன்பது மணிக்குப் பினாங்கிலிருந்து கிளம்பினோம். முறுக்கும் நெய்யுருண்டையும் பை நிறையக் கொடுத்தனுப்பினார் நண்பரின் அம்மா. அப்பா காரின் நான்கு கதவையும் திறந்து, ஒவ்வொருவரும் வார் போட்டிருக்கிறோமா என்று பார்த்த பிறகுதான் வழிவிட்டார். வழியில் மூன்று இடத்தில் நிறுத்தினோம். அன்றைக்குக் கழிவு இல்லை. முழுச் சுங்கம் கட்டினோம். மாலை நான்கு மணிக்குப் பிரிக்பீல்ட்ஸ்.

அன்றிரவு ஊரிலிருந்து அம்மா அழைத்தார். "தீபாவளி எப்படிப்பா போச்சு? பத்திரமா வந்து சேந்தீங்களா?" என்றார். நல்லபடியாக வந்துவிட்டோம் என்றேன். தாப்பாவுக்கு அப்பால் அந்த நான்கு விநாடியைப் பற்றிச் சொல்லவில்லை. இந்தப் பக்கத்தை அவர் தவறாமல் படிப்பவர். இப்போது தெரிந்திருக்கும்.